தமிழ்த் தளத்தில் ஆட்சென்ஸ்: கிளிக்கைத் துரத்தாமல் பக்கத்தைக் கட்டுவது

ஏப்ரல் மாத இரவு. கரண்ட் போகிறது. போன வருடம்வரை 3 மணி நேரம் தாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரி 40 நிமிடத்தில் படுத்துவிடுகிறது. வீட்டுக்காரர் மொபைலை எடுத்து, "இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எப்போது தண்ணி ஊத்தணும்" என்று தேடுகிறார். அவர் வந்து சேரும் பக்கத்தில் தன்னைப் பார்க்க வேண்டும் என்று பேட்டரிக் கடைக்காரரும், இன்வெர்ட்டர் கம்பெனியும், மாடியில் சோலார் பொருத்துபவரும் காசு கட்டத் தயாராக இருக்கிறார்கள். அதே எண்ணிக்கையில் ஆட்கள் படிக்கும் "தன்னம்பிக்கை தரும் பொன்மொழிகள்" பக்கத்துக்கு அப்படி வரிசையில் நிற்பவர்கள் இல்லை. இரண்டு பக்கத்திலும் விளம்பரத்தைக் கொண்டுவரும் கூகுள் ஆட்சென்ஸின் கோடு (code) ஒன்றே, பெட்டியின் அளவும் ஒன்றே. வருமானத்தில் மட்டும் ஐந்து மடங்கு, பத்து மடங்கு வித்தியாசம் வரும்.

தமிழ்த் தளங்களில் ஆட்சென்ஸ் போட்டுவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்று விட்டுவிடுகிறவர்களில் பெரும்பாலானோர் கிளிக் எப்படி வரவைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தவர்கள். கிளிக் செய்வது வாசகர். அதை நாம் தள்ளிவிட முயன்றால் கணக்கே போய்விடும். நம் கையில் இருப்பது பக்கம் மட்டும்: அது எதைப் பற்றியது, யார் எந்த நேரத்தில் அதைத் தேடி வருகிறார், விளம்பரப் பெட்டி எங்கே இருக்கிறது. மீதி அனைத்தும் இதிலிருந்துதான் வருகிறது.

பணம் எப்படிப் பிரிகிறது

கூகுள் 2003இல் ஆட்சென்ஸைத் தொடங்கியது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்து அதற்குப் பொருந்தும் விளம்பரத்தைக் காட்டுவதுதான் அதன் அடிப்படை. தமிழுக்கு அதிகாரப்பூர்வமான ஆதரவு 2018 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன் நான்கு ஆங்கிலக் கட்டுரை போட்டு அனுமதி வாங்கிவிட்டு, பிறகு தமிழில் எழுதிய தளங்கள் நிறைய. இன்று அந்தச் சுற்றுவழி தேவையில்லை. ஆங்கிலமும் தமிழும் கலந்து குழப்பிய தளத்தைவிட, முழுக்கத் தமிழில் இருக்கும் ஒழுங்கான தளம் சுலபமாக அனுமதி பெறுகிறது.

கட்டண முறையில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. பழைய வழிகாட்டிகள் பலவற்றில் இது இருக்காது. முன்பு விளம்பரதாரர் கொடுப்பதில் 68 சதவீதம் தளக்காரருக்கு என்பது கணக்கு. கூகுளே 2010இல் வெளியிட்டது. 2023 நவம்பரில் அறிவித்து 2024 தொடக்கத்தில் கொண்டுவந்த முறையில், விளம்பரதாரருக்கு விளம்பர இடம் வாங்கித் தரும் சேவை (கூகுள் ஆட்ஸ் போன்றது) முதலில் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் 80 சதவீதம் நமக்கு. விளம்பரதாரர் 100 ரூபாய் கட்டினால், கூகுள் ஆட்ஸ் சராசரியாக 15 ரூபாய் எடுக்கும். மீதி 85. அதில் 80 சதவீதம் 68. கடைசியில் அதே இடம்தான், கூகுள் ஆட்ஸ் வழியாக வரும் விளம்பரமாக இருந்தால்.

கூடவே, நமக்குப் பணம் கிளிக்குக்கு என்பது மாறி, விளம்பரம் காட்டப்படுவதற்கு என்று ஆனது. இதைக் கேட்டதும் "அப்படியானால் பெட்டிகளை அடுக்கிவிடலாம்" என்று கிளம்பியவர்கள் உண்டு. அது தப்புக் கணக்கு. விளம்பரதாரர் பெரும்பாலும் இன்னமும் கிளிக்குக்குத்தான் ஏலம் கேட்கிறார். அவர் கேட்ட தொகை, அந்த இடத்தில் கிளிக் விழுவதற்கான வாய்ப்பு, இரண்டையும் பெருக்கித்தான் ஒரு காட்சியின் விலை வருகிறது. யாரும் பார்க்காத அடிப்பகுதியில் ஆறு பெட்டி வைத்தால் ஆறுக்கும் மலிவு விலைதான் கிடைக்கும். நன்றாக இருந்த ஒரு பெட்டியின் மதிப்பும் சேர்ந்து இறங்கும்.

எண்ணில் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். மாதம் 10,000 பக்கப் பார்வை என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவர் கிளிக் செய்கிறார்: 100 கிளிக். இந்தியாவிலிருந்து வரும் தமிழ் வாசகருக்கு ஒரு கிளிக் சராசரியாக 4 சென்ட் என்றால் 4 டாலர். ஆயிரம் பார்வைக்கு 40 சென்ட்; இதைத்தான் ஆர்பிஎம் என்கிறோம். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்குக் கிளம்பும். அந்த வேகத்தில் போனால் அதற்கு இரண்டரை லட்சம் பார்வை வேண்டும். டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் போகிறது. மாதம் 10,000 பார்வையில் அந்தச் செலவு மீளும், சம்பளம் வராது. தொடங்கும்போதே இதைத் தெரிந்துகொண்டால் மூன்றாவது மாதத்தில் மனம் உடையாது.

ஒரு பக்கத்தைக் கிட்டத்தில் பார்ப்போம்

அந்த பேட்டரிப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். "மின்கலப் பராமரிப்பு முறைகள்" என்று தலைப்பு வைத்தால் தமிழ் ஆசிரியர் மெச்சுவார். தேடுகிறவர் வரமாட்டார், விளம்பரமும் வராது. மக்கள் சொல்வது பேட்டரி, இன்வெர்ட்டர், டிஸ்டில்டு வாட்டர். விளம்பரதாரர் ஏலம் கேட்கும் சொற்களும் இவைதான். நல்ல தமிழ்ச் சொல்லை உள்ளே ஒருமுறை பயன்படுத்தலாம். தலைப்பிலும் முதல் பத்தியிலும் கடைத்தெருச் சொல் இருக்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்? "அவ்வப்போது தண்ணீர் ஊற்றவும்" என்ற அளவில் எழுதிய பக்கங்கள் ஏற்கெனவே நூறு இருக்கின்றன. படிக்கிறவருக்கு வேண்டியது இந்த மாதிரி: குழாய்த் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றக்கூடாது, அதிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். மூடியிலுள்ள மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். பச்சைக் கோட்டைத் தாண்டி ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது ஆசிட் பொங்கி வெளியே வரும். கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. பிறகு கணக்கு: 150 ஏஎச், 12 வோல்ட் பேட்டரி என்றால் 1,800 வாட்-மணி. அதில் 80 சதவீதம் வரைக்கும்தான் இறக்கலாம், இன்வெர்ட்டரில் வீணாவது இன்னொரு 20 சதவீதம் என்று வைத்தால் கையில் நிற்பது சுமார் 1,150. இரண்டு மின்விசிறி 150 வாட், மூன்று எல்இடி விளக்கு 30 வாட், மொத்தம் 180. ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓட வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு மணி நேரம்கூட ஓடவில்லை என்றால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, பேட்டரி தேய்ந்துவிட்டது.

இந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது வாசகர் புது பேட்டரி விலையை யோசிக்க ஆரம்பிக்கிறார். பக்கத்தில் ஒரு பேட்டரி விளம்பரம் இருந்தால் அது அவருக்கு உதவிதான். விளம்பரத்துக்காக நாம் எதையும் திணிக்கவில்லை. உண்மையைக் கணக்கோடு சொன்னோம், அவ்வளவுதான். பக்கங்களைப் படித்துப் பார்க்கும் கூகுளின் ரோபாட்டுக்கும் இது பேட்டரி பற்றிய பக்கம் என்பதில் சந்தேகம் இருக்காது.

சந்தேகம் வரும் இடங்கள் எவை என்றால்: கட்டுரையைப் படமாக்கிப் போடுவது (அழகான எழுத்துருவில் போஸ்டர் மாதிரி போட்ட சமையல் குறிப்பில் ரோபாட்டுக்கு ஒரு சொல்லும் தெரியாது), பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பக்கத்தை யுனிகோடுக்கு மாற்றாமல் விடுவது, ஒரே பக்கத்தில் ராசிபலனும் தங்கம் விலையும் சினிமாச் செய்தியும் கலப்பது. எந்த ரோபாட் தளத்துக்குள் வரலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் ஆட்சென்ஸின் ரோபாட்டான "மீடியாபார்ட்னர்ஸ்-கூகுள்" வரமுடியாமல் தடுத்து வைத்திருப்பதும் உண்டு. யாரோ கொடுத்த கோப்பை அப்படியே ஒட்டியதால் நடப்பது. புதிதாகப் போட்ட பக்கத்தில் முதல் சில மணி நேரம் சம்பந்தமில்லாத விளம்பரம் வந்தால் பதற வேண்டாம். ரோபாட் இன்னும் வந்திருக்காது.

இன்னொன்று: உங்கள் மொபைலில் பார்த்தால் உங்கள் பக்கத்தில் செருப்பு விளம்பரமே வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் நேற்று நீங்கள் செருப்பு தேடினீர்கள். அது பார்ப்பவரைப் பொறுத்த விளம்பரம். பக்கத்துக்கு எது வருகிறது என்று பார்க்க இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். பார்ப்பது மட்டும்தான், விரல் படக்கூடாது.

பெட்டி எங்கே

வாசகர்களில் பெரும்பாலானோர் மொபைலில்தான் வருகிறார்கள். எனவே கணினித் திரையில் அழகாகத் தெரியும் பக்கவாட்டுப் பட்டியை மறந்துவிடலாம். மொபைலில் அது எல்லாவற்றுக்கும் கீழே போய்விடும்.

800 சொல் கட்டுரைக்கு மூன்று பெட்டி போதும். முதலாவது இரண்டாம் பத்திக்குப் பிறகு. தலைப்புக்கு நேர் கீழே வைத்தால் வாசகர் விடை இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் திரும்பிவிடுகிறார். இரண்டாவது நடுவில், ஒரு துணைத்தலைப்புக்கு முன்னால். மூன்றாவது கட்டுரை முடிந்த இடத்தில். இது பலரும் குறைத்து மதிப்பிடும் இடம், ஆனால் முழுக்கப் படித்து முடித்தவர் அடுத்து என்ன செய்வது என்று நிற்கும் இடம் அதுதான். அளவு என்றால் 300க்கு 250, 336க்கு 280 இரண்டும் நன்றாக நிரம்பும். விளம்பரக் கோடை "ரெஸ்பான்சிவ்" வகையில் எடுத்தால் அதுவே பொருத்திக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு மூன்றுதான் என்ற பழைய விதி 2016இலேயே போய்விட்டது. இப்போதுள்ள விதி, விளம்பரம் எழுத்தைவிட மிஞ்சக்கூடாது என்பது. இடத்தைக் கூகுளே தேர்ந்தெடுத்துக் காட்டும் தானியங்கி விளம்பரத்தில் திரையின் ஓரத்தில் ஒட்டி நிற்கும் பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கம் மாறும்போது முழுத்திரையை மறைக்கும் வகையை நிறுத்திவிடலாம். அதில் காசு வருவது உண்மை. ஆனால் பேட்டரி செத்துப்போய் இருட்டில் உட்கார்ந்து படிப்பவர் முன்னால் முழுத்திரைக் கதவைச் சாத்துவது நியாயமாகத் தெரியவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெட்டிக்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் நடப்பது இது: எழுத்து முதலில் வருகிறது. நெட் மெதுவாக இருக்கிறது. வாசகர் "அடுத்த பக்கம்" என்பதைத் தொடக் கட்டைவிரலைக் கொண்டுபோகிறார். அந்த நொடியில் விளம்பரம் வந்து இறங்கி எழுத்தையெல்லாம் கீழே தள்ளுகிறது. விரல் விளம்பரத்தில் விழுகிறது. கடையின் பக்கம் திறக்கிறது, அவர் எரிச்சலோடு உடனே பின்னால் வருகிறார். விளம்பரதாரர் காசு கொடுத்தார், இரண்டு விநாடியில் ஆள் போய்விட்டார். இப்படி நிறைய நடந்தால் கூகுள் அந்த விளம்பரங்களுக்கு இரண்டாவது உறுதி கேட்க ஆரம்பிக்கும்: ஒருமுறை தொட்டால் போதாது, "தளத்துக்குச் செல்" என்று இன்னொருமுறை தொட வேண்டும். வருமானம் அன்றிலிருந்து சரியும், ஏன் என்றே பலருக்குப் புரியாது. விளம்பரத்தைச் சுற்றியுள்ள பெட்டிக்கு சிஎஸ்எஸ்ஸில் குறைந்தபட்ச உயரம் 280 பிக்சல் என்று ஒரு வரி சேர்த்தால் இது தீர்கிறது. பக்கம் இப்படிக் குதிக்கும் ஆட்டத்தின் அளவு (சிஎல்எஸ்) 0.1க்குள் இருக்க வேண்டும் என்பது கூகுள் தேடலின் அளவுகோலும்கூட. கனமான தமிழ் எழுத்துருக்களும் இதே ஆட்டத்தை உண்டாக்கும். மொபைலிலேயே இருக்கும் தமிழ் எழுத்துருவையே பயன்படுத்தினால் பக்கம் வேகமாகவும் வரும், குதிக்கவும் செய்யாது.

டவுன்லோட் பட்டன், மெனு, படங்களின் வரிசை, இவற்றின் அருகில் பெட்டி வேண்டாம். பெட்டிக்கு மேலே "விளம்பரங்கள்" என்று எழுதலாம். "பயனுள்ள இணைப்புகள்" என்றோ "எங்களை ஆதரியுங்கள்" என்றோ எழுதுவது விதிமீறல்.

அனுமதி கிடைக்காமல் திரும்பும்போது

"குறைந்த மதிப்புள்ள உள்ளடக்கம்" என்று ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள், காரணம் விவரமாக வராது. தமிழ்த் தளங்களில் அநேகமாக இவற்றுள் ஒன்றுதான் காரணம். சினிமாப் பாடல் வரிகள்: உரிமை வேறொருவருடையது. நாட்டுடைமையான நூல்களை அப்படியே ஏற்றியது: உரிமைச் சிக்கல் இல்லை, ஆனால் அதே எழுத்து ஏற்கெனவே பல தளங்களில் இருக்கிறது, நீங்கள் எதையும் சேர்க்கவில்லை. செய்தித்தாளில் வந்ததை நான்கு சொல் மாற்றிப் போட்டது. ஆங்கிலக் கட்டுரையை எந்திர மொழிபெயர்ப்பில் திருப்பிப் போட்டது. ஒரு தமிழர் இரண்டு வரி படித்தால் கண்டுபிடித்துவிடும் நடை அது.

எத்தனை கட்டுரை வேண்டும் என்று கூகுள் எண் எதுவும் சொல்வதில்லை. 20, 25 கட்டுரை ஒரே துறையைச் சுற்றி, ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு முழு விடையாக இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பது நடைமுறையில் கைகொடுக்கும் அளவு. எங்களைப் பற்றி, தொடர்புக்கு, தனியுரிமைக் கொள்கை மூன்றும் வேண்டும். தனியுரிமைக் கொள்கையில் கூகுள் குக்கிகளைப் பயன்படுத்தி விளம்பரம் காட்டுகிறது என்பது இருந்தாக வேண்டும். மெனுவில் தொட்டால் காலியாகத் திறக்கும் பிரிவுகளை எடுத்துவிடுங்கள். விண்ணப்பிப்பவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். பதில் சில நாளில் வரலாம், சில சமயம் 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை தளத்தைப் பிரித்துப் போட்டுத் திருத்திக்கொண்டிருக்காமல் எழுதிக்கொண்டிருங்கள்.

பிளாகர் வைத்திருப்பவர்கள் தீமில் விளம்பரக் கோடை ஒட்டும்போது ஒரு பிழைச்செய்தி வந்து சேமிக்க விடாது. தீம் கோப்பு எக்ஸ்எம்எல் என்பதால் வருவது. கோடில் "ஏசிங்க்" என்ற சொல் தனியாக நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு சமக்குறியும் வெற்று மேற்கோள் ஜோடியும் சேர்த்தால் ஏற்றுக்கொள்ளும்.

நம் தளத்தில் யார் விளம்பரம் விற்கலாம் என்று சொல்லும் ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி கோப்பில் இதைவிடச் சின்னப் பிழை. விளம்பரக் கோடில் நம் எண் "சிஏ-பப்-" என்று தொடங்கும். இந்தக் கோப்பில் முன்னால் உள்ள "சிஏ-" இல்லாமல் "பப்-" என்று மட்டும், பிறகு 16 இலக்கம். கோடிலிருந்து நகலெடுத்து ஒட்டியவர்கள் முன்னொட்டோடு ஒட்டிவிடுகிறார்கள். "கோப்பில் உங்கள் எண் இல்லை" என்று வாரக்கணக்கில் எச்சரிக்கை வரும். ஆட்சென்ஸ் கணக்கில் "தளங்கள்" பகுதியிலேயே சரியான வரி கிடைக்கும், அதை எடுங்கள். கோப்பு டொமைனின் முதல் அடைவில் இருக்க வேண்டும். பிளாகரில் அமைப்புகளின் பணமாக்குதல் பகுதியில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது.

கணக்கைக் கொல்லும் அன்பு

சொந்த விளம்பரத்தைத் தானே கிளிக் செய்யக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கணக்கு போவது பெரும்பாலும் வேறு வழியில். தம்பி வெப்சைட் ஆரம்பித்திருக்கிறான் என்று துபாயிலிருக்கும் மாமா, ஹாஸ்டல் நண்பர்கள், ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் எல்லோரும் தினமும் வந்து நான்கு விளம்பரத்தைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். உதவுவதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். ஒரே இணைப்பு, அதே ஆட்கள், படிக்காமலே கிளிக்: இது கூகுளுக்குப் பளிச்சென்று தெரியும். தளம் தொடங்கியதும் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் முதலில் சொல்ல வேண்டியது, "படியுங்கள், விளம்பரத்தைத் தொடாதீர்கள்" என்பதுதான். "நீ என்னுடையதைக் கிளிக் பண்ணு, நான் உன்னுடையதைப் பண்றேன்" என்று நடக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் பக்கம் போகவே வேண்டாம். 1,000 பார்வையாளர் 100 ரூபாய்க்கு என்று விற்பவர்களிடமும் வாங்க வேண்டாம்.

கை தவறி நீங்களே ஒருமுறை தொட்டுவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. கூகுள் அந்தக் கிளிக்கைக் கழித்துவிடும், யாரிடமும் விண்ணப்பிக்கத் தேவையில்லை.

கிளிக் விகிதம் வழக்கமாக 1 சதவீதத்தில் இருந்து ஒருநாள் 8, 10 என்று எகிறினால் சந்தோஷப்படாமல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முதல் எச்சரிக்கை பெரும்பாலும் விளம்பர வரம்பாக வரும்: சில நாட்களுக்கு விளம்பரங்களைக் குறைத்துக் காட்டுவார்கள், பொதுவாக 30 நாளுக்குள் நீங்கும். அந்தக் காலத்தில் செய்யக்கூடியது, சந்தேகமான இடத்திலிருந்து வரும் வாசகர் வரத்தை நிறுத்துவது. முகநூல் குழுக்களில் ஒரே நாளில் முப்பது இடத்தில் இணைப்புப் போட்டதால் வந்ததாக இருந்தால் அதை விட்டுவிடுவது. கணக்கை நிரந்தரமாக மூடினால் மேல்முறையீடு உண்டு, ஆனால் புலம்பலாக எழுதி அந்த வாய்ப்பை வீணாக்கக்கூடாது. எந்த நாளில், எங்கிருந்து, எவ்வளவு வரத்து, அதற்கு என்ன செய்தீர்கள் என்று, வாசகர் வரத்தைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸ் தரும் எண்களோடு எழுத வேண்டும். இன்னொரு பெயரில் புதுக்கணக்குத் திறப்பது தீர்வல்ல, அதுவும் மூடப்படும்.

பருவமும் தூரதேசத்து வாசகரும்

விளம்பரப் பணத்துக்குப் பருவம் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஏறும். டிசம்பர் முடிந்ததும் ஜனவரியில் இறங்கும், தளத்தில் ஒரு குறையும் இல்லாமலே. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்திலிருந்து கல்லூரி விளம்பரங்கள் கொட்டும். பொறியியல் கட்-ஆஃப் கணக்கிடும் முறை, அதாவது கணிதம் 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு, மொத்தம் 200 என்று உதாரணத்தோடு விளக்கும் ஒரு பக்கத்தை மே மாதத்தில் எழுதினால் தாமதம். பிப்ரவரி, மார்ச்சில் போட்டுவிட்டால்தான் முடிவு வரும் நேரத்தில் தேடலில் மேலே நிற்கும். பேட்டரிப் பக்கமும் அப்படியே, ஜனவரியில் எழுத வேண்டியது.

லண்டன், பாரிஸ், சூரிச், ஆஸ்லோ, டொரன்டோவில் இருந்து வரும் தமிழ் வாசகர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு கிளிக்கின் விலை அங்கே பல மடங்கு. ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் பிரிட்டனுக்கும் 2024 ஜனவரி 16 முதலும், சுவிட்சர்லாந்துக்கு 2024 ஜூலை 31 முதலும், கூகுள் சான்றளித்த ஒப்புதல் அறிவிப்பு தளத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாசகர்களுக்கு விளம்பரம் சுருங்கிவிடும். ஆட்சென்ஸின் "தனியுரிமை, செய்தியிடல்" பகுதியிலேயே அந்த அறிவிப்பை இலவசமாகச் செய்துகொள்ளலாம், பத்து நிமிட வேலை. "நமக்கு ஐரோப்பா எதற்கு" என்று இதை விட்டுவிட்ட தமிழ்த் தளங்கள் தங்கள் விலைமதிப்புள்ள வாசகரைத்தான் விட்டன. அந்த வாசகருக்கென்றும் எழுதலாம்: வெளிநாட்டில் இருந்தபடி ஊரிலுள்ள நிலத்துக்கு வில்லங்கச் சான்று பார்ப்பது, ஊருக்குப் பணம் அனுப்பும் கட்டணக் கணக்கு போன்றவை.

தடுப்புப் பகுதியில் ஒவ்வொரு விளம்பர வகையும் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று காட்டும். சீக்கிரம் பணக்காரராகும் வழி, மாந்திரீகம், உடல் எடை குறைப்பு இவற்றைத் தடுத்தால் ஒரு சில சதவீதம் குறையும். தடுத்துவிடுங்கள். கணக்குப் போட்டு நேர்மையாக எழுதிய பக்கத்தில் வசியம் செய்கிறவரின் விளம்பரம் நின்றால் படிக்கிறவர் கணக்கையும் நம்பமாட்டார்.

மாதம் ஒருமுறை பக்கம் வாரியான அறிக்கையைத் திறந்து ஆர்பிஎம் வரிசையில் அடுக்குங்கள். 1,000 பார்வைக்குக் கீழே உள்ள பக்கத்தை வைத்து முடிவு எடுக்க வேண்டாம். மேலே நிற்கும் மூன்று பக்கங்களை ஒட்டி அடுத்த மூன்றை எழுதுவது புதுத் தலைப்புத் தேடி அலைவதைவிடப் பலன் தரும். பெட்டியை இடம் மாற்றினால் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்; ஞாயிற்றுக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்குமே வித்தியாசம் இருக்கும்.

பணம் கைக்கு வரும் வழி

கணக்குத் திறக்கும் நாளிலேயே பெயரில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் ஒரே ஆளுக்கு பாஸ்புக்கில் "க. முருகன்", பான் அட்டையில் "முருகன் கந்தசாமி", ஆதாரில் "முருகன் க" என்று இருப்பது சகஜம். ஆட்சென்ஸில் பணம் பெறுபவர் பெயர் வங்கிக் கணக்கில் இருப்பதுபோல இருக்க வேண்டும், அடையாளச் சரிபார்ப்புக்குக் கொடுக்கும் அட்டையோடும் ஒத்துப்போக வேண்டும். மூன்றும் மூன்று விதமாக இருந்தால், பணம் சேர்வதற்கு முன்பே வங்கியில் போய்ப் பெயரைச் சரிசெய்வது நல்லது. ஒருவருக்கு ஒரு கணக்குதான்.

10 டாலர் சேர்ந்ததும், முகவரியை உறுதிசெய்ய ஆறு இலக்க பின் எண் சாதாரணத் தபாலில் வரும். 2 முதல் 4 வாரம் ஆகும். கிராமமாக இருந்தால் தபால் நிலையத்தின் பெயர், அஞ்சல் குறியீடு, வீட்டுக்கு அடையாளமான இடம் மூன்றையும் முகவரியில் சேர்த்து, தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணை இடாவிட்டால் தளத்தில் விளம்பரம் நின்றுவிடும். வராவிட்டால் மறுபடி கேட்கலாம். திரும்பத் திரும்பக் கேட்டும் வராவிட்டால் அரசு அடையாள அட்டையை ஏற்றி முகவரியை உறுதிசெய்யும் வழி திறக்கும். பின் எண் வரும் வேளையில் வீடு மாறுவதாக இருந்தால் முகவரியை மாற்றிவிட்டுப் புது பின் கேளுங்கள்.

வருமானம் மாதம் முடிந்து 3ஆம் தேதிவாக்கில் இறுதியாகும். அதுவரை காட்டியது மதிப்பீடு. செல்லாத கிளிக்குகள் கழிந்து கொஞ்சம் குறைவது இயல்பு. 100 டாலரைத் தாண்டியிருந்தால், பணத்தை நிறுத்திவைக்கும் தடை எதுவும் கணக்கில் இல்லாதபோது, 21 முதல் 26ஆம் தேதிக்குள் அனுப்புவார்கள். வங்கி மாற்றம், பெயர்த் திருத்தம் எல்லாம் 20ஆம் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதம்தான். வங்கி விவரத்தில் ஐஎஃப்எஸ்சி எண்ணோடு ஸ்விஃப்ட் குறியீடும் கேட்கும். சின்னக் கிளைகளுக்கு அது இருக்காது. மேலாளரைக் கேட்டால் வெளிநாட்டுப் பணம் வாங்கும் கிளையின் குறியீட்டைக் கொடுப்பார். வரித் தகவல் படிவத்தையும் அப்போதே நிரப்பிவிடுங்கள்.

முதல் பணம் வரும்போது வங்கியிலிருந்து ஒரு அழைப்போ மின்னஞ்சலோ வரலாம்: வெளிநாட்டிலிருந்து தொகை வந்திருக்கிறது, நோக்கம் என்ன என்று. விளம்பரச் சேவைக்கு ரிசர்வ் வங்கியின் நோக்கக் குறியீடு பி1007. கேட்பவருக்கு அது புதிதாக இருந்தால் மென்பொருள் குறியீட்டைப் போட்டுவிடப் பார்ப்பார். சரியானதைச் சொல்லிக் கேளுங்கள். பதில் கொடுக்காமல் விட்டால் தொகை அங்கேயே நிற்கும். ஒவ்வொரு முறையும் வெளிநாட்டு வரவுக்கான சான்றைக் கேட்டு வாங்கி, ஆட்சென்ஸின் மாதக் கட்டண ரசீதோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஆடிட்டர் கேட்பது அந்த இரண்டையும்தான்.